100 வார்த்தைக்குள் எங்கள் கதை

மெனு கார்டின் பின்பக்கத்துக்கு ‘எங்கள் கதை’ என்று ஒன்று எழுதித் தரச் சொன்னான் அண்ணன். 100 வார்த்தைக்கு மேல் போகக் கூடாதாம். “நீதான் எதையாவது எழுதிக்கிட்டே இருப்பியே, இதையும் எழுதிக் குடு” என்றான். சரி, பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். ரங்கூனில் சாப்பாட்டுக் கடை நடத்திய எங்கள் கொள்ளுத்தாத்தா, அவரிடமிருந்து ஆயாவுக்கு வந்த பர்மா ருசி, அது இப்போது உங்கள் தட்டில். இந்த மாதிரி மூன்று வரி எழுதிவிட்டு, பெயர்களெல்லாம் சரிதானா என்று ஆயாவிடம் படித்துக் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: “எங்கப்பா கடையில மொய்ங்கா வித்ததே இல்லடி. இட்லி, சோறு, ரசம். அவ்வளவுதான்.” மொய்ங்கா என்றால் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், பர்மாவின் காலைப் பலகாரம்.

அந்த 100 வார்த்தை அன்றைக்கு நின்றதுதான். பிறகு மூன்று மாதம் ஆனது.

கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரம் என்பீர்கள். பெரம்பூர் பக்கம் ஒரு சந்துமுனையில் மாடியும் கீழுமாக 40 பேர் உட்காரக்கூடிய இடம். அண்ணன் அதுவரை கணினி நிறுவனம் ஒன்றில் இருந்தான். தாத்தா வண்டிக்கடை போட்டார், அப்பா அதே வண்டியைத் தள்ளி எங்களைப் படிக்கவைத்தார், படித்த அண்ணன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பவும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலவை விற்க வந்தான். அப்பாவுக்கு இதில் ஆறு மாதம் பேச்சே இல்லை. “வண்டியிலேருந்து உன்னை இறக்குறதுக்குத்தானேடா நான் அதைத் தள்ளுனேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

பர்மாத் தமிழர் என்றால் பொதுவாக வெளியே தெரிகிற கதை ஒன்று உண்டு. செட்டிநாட்டு வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், கவுனி அரிசி. ஒட்டுப் பதமான அரிசிக்கு பர்மிய மொழியில் ‘காவ்ஞின்’. கவுனி என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். வட்டிக்குக் கொடுத்தவர்களின் கதை அது. அழகான கதை, படம் பிடிக்கவும் தோதானது. எங்கள் வீட்டுக் கதையில் தூண் எதுவும் கிடையாது. கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மேஸ்திரி ஒருவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மதராஸில் கப்பலேறி, மேல்தட்டில் படுத்துக்கொண்டே ரங்கூன் போனவர். 1920களில் ஏதோ ஒரு வருஷம். ஆயாவுக்கு வருஷம் தெரியாது. “நெல்லு மில்லுக்கு ஆள் எடுத்தாங்க, போனாரு” என்பதோடு முடித்துக்கொள்வாள்.

ஆள் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1852 போரில் கீழ்ப் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர், ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் வயலாக்கினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்த அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. நெல்லை அரைக்க மில், மூட்டை தூக்கக் கூலி, கூலிக்குக் கடன் கொடுக்க ஆள் என்று எல்லாமே கடல் தாண்டிப் போயின. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்த ஊரில் தெருவில் இறங்கினால் தமிழ், தெலுங்கு, வங்காளி, இந்துஸ்தானி எல்லாம் காதில் விழும், பர்மாக்காரன் பேச்சைத்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்று தன் அப்பா சொன்னதாக ஆயா சொல்வாள். பர்மியர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் காலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1930களில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த கோபத்தில் வட்டிக்காரரும் மூட்டை தூக்கியவரும் ஒரே கணக்கில்தான் எழுதப்பட்டார்கள்.

பசுண்டாங் ஓடைக்கரை அரிசி மில்லில் சில வருஷம் மூட்டை தூக்கிவிட்டு, முதுகு போனதும் கொள்ளுத்தாத்தா சமையலுக்கு மாறினார். மில் ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கடை. பலகையும் தகரமுமான கொட்டகை, இரண்டு பெஞ்சு, மாதக் கணக்கு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, பருப்புக் குழம்பு, ரசம், கீரை, கருவாடு இருந்தால் கருவாடு, மோர். வந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். கடலைத் தாண்டி வந்து வேலை முடித்து உட்காருகிறவனுக்கு வேண்டியது ஊர் ரசம். கடையே அதற்காகத்தான் இருந்தது. பர்மியச் சாப்பாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

மொய்ங்கா வெளியிலிருந்து வந்தது. விடியற்காலையில் ஒரு பர்மியப் பெண் தோளில் காவடி மாதிரி கம்பு போட்டு, ஒரு பக்கம் குழம்புப் பானையும் அடுப்பும், இன்னொரு பக்கம் கிண்ணமும் நூடுல்ஸும் தொங்கவிட்டு வருவாளாம். கொட்டகைக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பாள். ஆயாவும் அவள் அண்ணனும் அப்பாவுக்குத் தெரியாமல் காசு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தெரிந்தால் அடி. சாப்பாட்டுக் கடைக்காரன் பிள்ளைகள் தெருவில் வாங்கிச் சாப்பிட்டால் கடையின் மானம் என்ன ஆகும்? நியாயமான கோபம்தான். அண்ணன் எந்த ருசியைக் ‘குடும்ப ருசி’ என்று மெனு கார்டில் போடச் சொன்னானோ, அது குடும்பத்துக்குப் பயந்து திருட்டுத்தனமாகத் தின்ற ருசி.

ஆயா பிறந்தது 1943இல், பெகுவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது ஊரே கலைந்தது. லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் தாண்டி இந்தியாவை நோக்கி நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. கொள்ளுப்பாட்டியிடம் கைக்குழந்தை இருந்ததால் எங்கள் வீட்டார் நடக்கவில்லை. பெகுப் பக்கம் ஒதுங்கி, சண்டை முடிந்ததும் பசுண்டாங்குக்கே திரும்பி, அதே தகரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இதை ஆயா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். கேள்வி கேட்டால் பதில் வராது.

1962 மார்ச் 2ஆம் தேதி ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சாப்பாட்டுக் கொட்டகையை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிய கடைகளெல்லாம் ‘மக்கள் கடை’ ஆகிவிட்டன. கடை இருக்கிறது, சரக்கு இல்லை. அதே வருஷம் மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கொள்ளுத்தாத்தா எண்ணுவதற்குச் சுலபம் என்று சேமிப்பையெல்லாம் 100 கியாட் நோட்டாக வைத்திருந்தவர். “அன்னைக்கு ராத்திரி எங்கப்பா சாப்பிடல” என்றாள் ஆயா. சாப்பாட்டுக் கடைக்காரர் சாப்பிடாமல் இருந்த ராத்திரியைத்தான் அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள், தொகையை இல்லை.

1965இல் கப்பல். நாலு நாள் கடல், வாந்தி, உப்புமா. ஆயாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். அம்மிக்கல்லை விட்டுவிட்டு வந்ததற்கு கொள்ளுப்பாட்டி கப்பலில் அழுதாராம். கொண்டுவந்த சாமான்களில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது எனாமல் பூசிய மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது.

அந்த வருஷங்களில் சுமார் 1.4 லட்சம் பேர் இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஊர் அவர்களை ‘பர்மா அகதிகள்’ என்றது. அரசாங்கக் காகிதத்தில் மரியாதையான பெயர்: ‘தாயகம் திரும்பியோர்’. ஆயா 22 வயதில் முதல்முறையாக மதராஸைப் பார்த்தாள். பெகுவில் பிறந்து, ரங்கூனில் வளர்ந்து, பர்மாவில் அயலாருக்கான பதிவுச் சீட்டு வைத்திருந்தவள், பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பினாள்’. அந்தச் சொல்லை யார் யோசித்து வைத்தார்களோ, நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள்.

வியாசர்பாடியில் வீடு கிடைத்தது. வீடு என்றால் ஒரு அறை. சுற்றிலும் ரங்கூன், பெகு, மோல்மேன் என்று அங்கங்கே இருந்து வந்த குடும்பங்கள். இங்கேதான் விநோதம் ஆரம்பித்தது. ரங்கூனில் தமிழ்ச் சோறு கேட்ட அதே ஆட்கள், மதராஸில் வந்து இறங்கி, தெருவெங்கும் தமிழ்ச் சோறு கிடைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மொய்ங்கா கேட்டார்கள். தாத்தா அதைக் கவனித்தார். அவருக்குச் சமையல் தெரியாது, கணக்கு தெரியும். ஆயாவுக்குச் சமையல் தெரியும், ஆனால் மொய்ங்கா செய்யத் தெரியாது, வாங்கித்தானே தின்றிருக்கிறாள். நாக்கு ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்துபார்த்தாள்.

அந்தக் குழம்பு பர்மாவில் கெளுத்தி மாதிரி நன்னீர் மீனை வேகவைத்து, முள் எடுத்து மசித்து, எலுமிச்சம்புல், இஞ்சி, பூண்டு, வெங்காயம் சேர்த்து, வறுத்த அரிசிமாவோ கடலைமாவோ கரைத்துவிட்டுக் கெட்டியாக்குவது. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கிப் போடுவார்கள். கீழே மெல்லிய அரிசி நூடுல்ஸ். எலுமிச்சம்புல்லை ஆயா ‘ஸபலின்’ என்பாள். அப்போது மதராஸில் அதை யாரிடம் போய்க் கேட்பது? விட்டுவிட்டாள். நூடுல்ஸுக்குப் பதில் முதலில் இடியாப்பம் பிழிந்தாள். மீன் போட்ட அன்று பாதிப் பேர் வாங்கவில்லை, மீன் போடாத அன்று எல்லாரும் வாங்கினார்கள். மீன் போனது. கடலைமாவும் வாழைத்தண்டும் பூண்டும் மிஞ்சின. இன்று சென்னையில் பெரும்பாலான வண்டிகளில் அத்தோவுக்குத் துணையாகக் கேட்கக் கேட்க ஊற்றுகிற வாழைத்தண்டு சூப்பு இப்படி ஒவ்வொன்றாக இழந்து வந்ததுதான். எங்கள் ஆயா கண்டுபிடித்தாள் என்று சொல்லவில்லை. ஒரே சமயத்தில் பத்து வீட்டில் பத்துப் பெண்கள் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

அத்தோவும் அப்படித்தான். பர்மிய மொழியில் ‘அதௌக்’ என்றால் பிசைந்தது. எதையும் பிசையலாம்: தேயிலை ஊறுகாய், இஞ்சி, தக்காளி, நூடுல்ஸ். சென்னைக்கு வந்ததும் அந்தப் பொதுச்சொல் ஒரே ஒரு பண்டத்தின் பெயராகிவிட்டது. ‘பேஜோ’வும் அதே கதை. பே என்றால் பருப்பு, ஜோ என்றால் பொரித்தது. தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். இங்கே அதை நொறுக்கிப் போட்டுச் சூப்பு ஊற்றிய கிண்ணத்துக்கே பேஜோ என்று பெயர். மொழி தெரியாதவன் வாயில் சொல் எப்படிச் சுருங்கி எப்படி உட்காருமோ அப்படி உட்கார்ந்துவிட்டது.

வியாசர்பாடியில் தள்ளிய வண்டி, 1969இல் பர்மா பஜார் வந்தபிறகு பீச் ஸ்டேஷன் பக்கம் போனது. பஜாரில் கேசட்டும் வாசனை சாமானும் விற்றவர்கள், வாங்க வந்தவர்கள், துறைமுகத்து ஆட்கள் எல்லாரும் சாயங்காலம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். காலைப் பலகாரமாக இருந்த மொய்ங்கா, சாயங்காலத் தீனியானது.

தாத்தாவின் கையை நான் பார்த்திருக்கிறேன். நூடுல்ஸ் ஒரு பிடி, நூலாக நறுக்கிய முட்டைகோஸ் ஒரு பிடி, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, அந்தப் பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர், வறுத்துப் பொடித்த மிளகாய், பொட்டுக்கடலை மாவு, உப்பு, கொத்தமல்லி, கடைசியாக ஒரு பேஜோவை உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தூவி, விரல் நுனியால் ஐந்தாறு தடவை தூக்கித் தூக்கிவிடுவார். அழுத்திப் பிசைந்தால் கெட்டுப்போகும். கூடவே முட்டை மசாலா: வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் ஒரு சொட்டு. அப்படியே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிடப் பார்த்தவர்களைச் சட்டை காட்டிக்கொடுக்கும்.

கொள்ளுத்தாத்தா 1971வரை இருந்தார். மகளும் மருமகனும் நூடுல்ஸைக் கையால் பிசைந்து தெருவில் விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. “நாப்பது வருஷம் ரங்கூன்ல ரசம் வெச்சவன் வீட்ல இதையா விக்கிறது” என்பாராம். கடைசிவரை அத்தோவைத் தொடவில்லை. ஆனால் வண்டி ராத்திரி வீட்டுக்கு வந்ததும், பானை அடியில் மிஞ்சிய சூப்பு மட்டும் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் படுப்பார் என்று ஆயா சொன்னாள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

சரி, அண்ணன் கடைக்கு வருகிறேன்.

அவன் போட்ட முதல் திட்டத்தில் சுவர் முழுக்க ஷ்வேடகோன் பகோடா என்கிற ரங்கூன் புத்தர் கோயில் படம். கூரையிலிருந்து தொங்குகிற பர்மியக் காகிதக் குடைகள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு அந்த நீல டிபன் கேரியர். ஆயாவைக் கூட்டிப்போய்க் காட்டினான். அவள் பகோடாவைப் பார்த்தாள். “நாங்க மில்லு பக்கம்டா இருந்தோம். இங்க வருஷத்துக்கு ஒருவாட்டி போனா பெருசு” என்றாள். அடுத்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். “இதை ஏன்டா ஜெயில்ல வெச்சிருக்க?” கேரியர் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. பகோடா இருக்கிறது, அதற்குப் பெயிண்டருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது.

அலங்காரம் சின்ன விஷயம். பெரிய விஷயம், வண்டிச் சாப்பாட்டை மேஜைக்குக் கொண்டுவருவது. வண்டியில் பிசைந்த கை அப்படியே நீட்டும், வாங்கியவர் அங்கேயே வாயில் போடுவார். இடையில் அரை நிமிடம்கூட இல்லை. கடையில் சமையலறையில் பிசைந்து, தட்டில் வைத்து, மாடி ஏறி மேஜைக்குப் போவதற்குள் பேஜோ நமத்துவிடும், வெங்காயம் துவண்டுவிடும். முதல் வாரம் வந்தவர்கள் “வண்டியில நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வண்டிக்காரர் பேரன் கடையிலேயே. அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அதற்குத்தான்: “வண்டியை உள்ள கொண்டாந்து வைடா.” இப்போது கூடத்து நடுவில் பழைய வண்டியின் பலகையை வைத்துக் கட்டிய மேடை. எல்லார் கண் முன்னாலும் பிசைந்து, நேரே தட்டு. மாலை நேரத்தில் அப்பாவே கையுறை போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கேட்டால் “பையன்களுக்குப் பழக்கிவிடறேன்” என்கிறார். பழக்கிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த தகராறு நிறம். சென்னை அத்தோ என்றால் ஆரஞ்சு நூடுல்ஸ். அது ஊருக்கே தெரிந்த அடையாளம். அண்ணன் சாயம் போடமாட்டேன் என்று வெள்ளையாகவே கொடுத்தான். பர்மாவில் அப்படி ஆரஞ்சு நிறமெல்லாம் கிடையாது என்று விளக்கம் வேறு. “இது என்ன, சேமியா உப்புமாவா?” என்று கேட்டார் ஒருவர். எனக்கு இதில் அண்ணன் பக்கம் பாதிதான் நியாயமாகப் பட்டது. சாயம் வேண்டாம், சரி. ஆனால் பர்மாவில் இல்லை என்பது ஒரு காரணமா? அம்பது வருஷமாக இந்த ஊரில் ஆரஞ்சாக இருந்த பண்டத்துக்கு இந்த ஊர்தானே சொந்த ஊர்? கடைசியில் மஞ்சளும் காஷ்மீர் மிளகாய் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் சேர்த்து, பார்த்தால் கோபம் வராத ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மீன் மொய்ங்காவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவது என்று முடிவு. விரால் அல்லது கெளுத்தி வேண்டும். காசிமேடு கூப்பிடு தூரம்தான், ஆனால் அங்கே கடல் மீன். சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனால்தான் ஆற்று மீன், ஏரி மீன். சனிக்கிழமை ராத்திரி ஆயா ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு சமையலறையில் உட்காருவாள். வாழைத்தண்டை நறுக்கும் பையன் நாரைச் சுற்றி எடுக்காமல் விட்டால் இவள் விரலை நீட்டுவாள். அவன் தண்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் ஆள்காட்டி விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாக எடுத்து அவன் கையில் வைப்பாள். திட்டுவதில்லை. அதுதான் திட்டு.

ஙப்பியை ஒரே ஒரு நாள் வறுத்தார்கள். பர்மியச் சமையலின் உயிரே அந்த நொதித்த மீன் விழுதுதான். கருவாட்டுக்குப் பழகிய எங்கள் மூக்குக்கே அது கொஞ்சம் அதிகம். மேல்மாடி முழுக்கக் குளிர்சாதனம், ஜன்னல் சாத்தியிருக்கிறது. அன்றைக்கு ஒரு பிறந்தநாள் விழா வேறு. இதற்கு மேல் எழுதவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மியான்மரிலிருந்து வந்து இங்கே படிக்கிற ஒரு பெண் தோழிகளோடு வந்தாள். அண்ணன் வேர்த்துப்போனான். பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவரே வந்து உட்கார்ந்தமாதிரி. மொய்ங்கா கிண்ணம் போனது. அவள் முதல் ஸ்பூன் குடித்தாள், யோசித்தாள், எலுமிச்சை கேட்டாள், மீன் சாறு இருக்கிறதா என்று கேட்டாள், இருந்தது, விட்டுக்கொண்டாள். புளி ஜாஸ்தி என்றாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அத்தோவை மட்டும் என்னவென்றே அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முட்டைகோஸையும் பேஜோவையும் காட்டி விளக்கியபிறகு “ஓ, காவ்ஸ்வே தௌக்!” என்று சிரித்தாள். அது மாதிரி இருந்ததா என்று அண்ணன் கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னாள்.

ஆயாவை மாடிக்கு அழைத்துவந்தோம். படியேற ஐந்து நிமிடம் ஆனது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் “தமின் சா பீபீலா?” என்றாள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். பர்மாவில் நம்ம ‘சாப்பிட்டாச்சா’ மாதிரி, வணக்கத்துக்குப் பதில் கேட்பது. கிண்ணத்தைக் காலிசெய்து வைத்திருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள். எங்கள் ஆயா அறுபது வருஷத்துக்கு முந்தைய பர்மிய மொழியை, தட்டுத்தடுமாறி, நடுநடுவே தமிழ் போட்டுப் பேசுகிறாள். டல்ஹௌசித் தெரு இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. சூலே பகோடாவிலிருந்து பிரியுமே என்று ஆயா கையால் வரைந்து காட்டினாள். அந்தப் பெண் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். மஹாபந்தூலா சாலை. பெயர் மாறியிருக்கிறது, தெரு இருக்கிறது. விரலால் பெரிதாக்கிப் பசுண்டாங் ஓடைவரை கொண்டுபோய்க் காட்டினாள். ஆயா கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். “இங்க மில்லு சங்கு ஊதும்” என்றாள், தமிழில். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அந்த வாரம்தான் ஆயா கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கப்பா சாப்பாடு போடலாமா என்று. சோறு, பருப்புக் குழம்பு, ரசம், கீரை, கருவாட்டு வறுவல், மோர். பெரம்பூரில் இது எங்கேயும் கிடைக்குமே, பர்மாக் கடைக்கு வந்து யார் இதைச் சாப்பிடுவார்கள் என்றான் அண்ணன். வியாபாரமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நானும் அதையேதான் சொன்னேன். ஆயா வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு அவளே ரசம் வைத்தாள். 20 பேருக்கு. அதில் 12 சாப்பாடு கடைப் பையன்களே சாப்பிட்டார்கள். பீகார்ப் பையன்கள் இரண்டு பேர், மணிப்பூர்ப் பையன் ஒருவன், மிச்சம் நம்ம ஊர். மணிப்பூர்ப் பையனுக்கு பர்மா எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊர்ப் பக்கம். 1960களில் பர்மாவுக்கே நடந்து திரும்பிவிடலாம் என்று மதராஸிலிருந்து கிளம்பிப்போய், எல்லை தாண்ட முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் அந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவன் ரசத்தை முன்பே குடித்திருக்கிறான். எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால், அவன் ஊர்ச் சந்தையில், தமிழ்க்கார அக்கா ஒருத்தர் கடையில்.

இப்போது ஞாயிறு மத்தியானம் 40 சாப்பாடு போகிறது. லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. பரிமாறுகிற பையன்களிடம் “பர்மாக் கடையில் என்ன ரசம்?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அண்ணன் ஆயாவையே கேட்டான். “ரங்கூன் மில்லு சாப்பாடுன்னு சொல்லு” என்றாள். மெனுவில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நீல டிபன் கேரியரில் தினமும் மத்தியானம் அப்பாவுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. அவர் கடைச் சாப்பாடு சாப்பிடமாட்டார்.

‘எங்கள் கதை’யைக் கடைசியில் நான் 400 வார்த்தையில் எழுதிக்கொடுத்தேன். பகோடா இல்லாமல், மில், தகரக் கொட்டகை, செல்லாத நோட்டு, இரண்டு டம்ளர் சூப்பு எல்லாம் வைத்து. அண்ணன் அதை நாலு வரியாக வெட்டிவிட்டான். எனக்குக் கோபம்தான். ஆனால் மெனு கார்டைச் சாப்பிட வந்தவர்கள் எவ்வளவுதான் படிப்பார்கள்?

அச்சகத்தில் அவசரத்தில் முன்பக்கத்தில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். மொய்ங்கா என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மொய்கா’. 500 கார்டு அடித்து வந்துவிட்டது. திருப்பி அடிக்கலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டுப்பார்த்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். வருகிறவர்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். பையன்களும் சமையலறைக்குள் அப்படித்தான் குரல் கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஆயா பக்கத்து நாற்காலியில். உள்ளே நுழைந்த ஒரு குடும்பம் எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றது. ஆயா அவர்களைக் கைகாட்டி உட்காரச் சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: “டேய், நாலு மொய்கா!”